கெட்டுப்போகாத செர்வோ

என் மேசை இழுப்பறையில், பழைய டெஸ்டர், ஃப்யூஸ் கம்பி, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத இரண்டு சாவிகள் ஆகியவற்றோடு, தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு நீலநிறப் பெட்டியும் கிடக்கிறது. அதிலிருந்து மூன்று மெல்லிய ஒயர்கள் வெளியே வரும். தலையில் ஒரு சின்ன வெள்ளைக் கை. ரிமோட்டில் குச்சியை அசைத்தால் அந்தக் கை இடமும் வலமுமாகத் திரும்பும். இதற்குச் செர்வோ என்று பெயர். ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களின் வாலை அசைப்பது இதுதான். இது கெட்டுப்போய்விட்டது என்று பல வருஷங்களுக்கு முன்னால் ஒருவரிடம் சொன்னேன். அவர் நம்பினார். போன மாதம் இதை எடுத்து மாட்டிப் பார்த்தேன், புதுசு மாதிரி திரும்பியது. அன்றைக்கும் அப்படித்தான் திரும்பியது.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். அந்த ஒருவர் எங்கள் ஃபேக்டரியின் டீ மேக்கர். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பதவியின் கனம் தெரியாது. பச்சை இலை லாரியிலிருந்து இறங்குவது முதல் தூளாகி மூட்டை கட்டும் வரைக்கும் ஃபேக்டரிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எஸ்டேட் மேனேஜரே 'டீ மேக்கர்' என்றுதான் கூப்பிடுவார். வாடிய இலையை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறப்பார். அந்த உருண்டை எவ்வளவு மெதுவாகப் பிரிகிறது என்பதை வைத்து, இன்னும் எத்தனை மணி நேரத்தில் அரைக்கலாம் என்று சொல்வார். நானறிந்து அது தப்பியதில்லை.

அவரிடம் எல்லோருக்கும் பயம் இருந்தது. பயத்துக்குக் காரணம் அவர் கோபமில்லை, ஒரே ஒரு கேள்வி. எந்த மெஷின் நின்றாலும் அதைச் சரிசெய்துவிட்டு நாம் பாட்டுக்குச் சுவிட்சைப் போட முடியாது. அவர் வந்து நிற்பார். "காரணம் என்ன தம்பி?" என்பார். பதில் சொன்ன பிறகுதான் மெஷின் ஓடும். காரணம் தெரியாமல் ஓடுகிற மெஷின் நின்றுபோன மெஷினைவிட மோசம் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். ஆனால் பெல்ட் தேய்ந்தது, பேரிங் போனது என்று எல்லாவற்றுக்கும் கையில் எடுத்துக் காட்டுகிற மாதிரி காரணம் இருப்பதில்லை. சில மெஷின்கள் மனுஷர்களைப் போலச் சும்மா நின்றுவிட்டுச் சும்மா ஓடும். அதை அவரிடம் சொல்ல முடியுமா? அதனால் நானும் எனக்கு முன்னால் இருந்தவர்களும் காரணங்களை உண்டாக்கப் பழகியிருந்தோம். 'ஈரம் ஏறிருச்சுங்க' என்பது நாங்கள் அதிகம் சொன்ன காரணம். இந்த மலையில் ஈரத்தின் மேல் பழியைப் போட்டால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

அவருடைய ஒரே மகளைக் கல்யாணம் செய்து கோயமுத்தூருக்கு அனுப்பிய வருஷம், மழைக்காலத்தில் பெங்களூரிலிருந்து அவர் பெயருக்கு ஒரு நீளமான அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பால்சா என்கிற எடையே இல்லாத மரத்தில் சீவிய குச்சிகளும் தகடுகளும், ஆளுயர வரைபடம் ஒன்றும் இருந்தன. அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் தலைக்கு மேல் விமானம் போகும் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டோடு வெளியே ஓடிவந்து பார்ப்பாராம். ஐம்பத்து மூன்றாவது வயதில், வீடு வெறிச்சோடிப் போன பிறகு, அந்த ஆசை திரும்ப வந்திருக்கிறது. ஒயரிங் வேலைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதற்கு முன் அவர் குவார்ட்டர்சுக்கு ஃப்யூஸ் போட எத்தனையோ முறை போயிருக்கிறேன். எப்போதும் நின்றபடியே வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தானே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. பதினான்கு வருஷ சர்வீசில் ஒரு டீ மேக்கர் கையால் டீ குடித்தவன் எங்கள் ஃபேக்டரியில் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்கு ரொம்ப நாள் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததில் அதற்கும் பங்குண்டு.

மூன்று மாதம் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து கட்டினோம். நாலரை அடி இறக்கை. சிவப்பு ஷீட் ஒட்டினோம். இஸ்திரிப் பெட்டியை மெதுவாக இழுத்தால் சூட்டில் ஷீட் சுருங்கி மத்தளத் தோல் மாதிரி விறைக்கும். எஸ்டேட் ஃபுட்பால் கிரவுண்டில்தான் பறக்கவிட்டோம். எங்கள் உயரத்தில் காற்று மெலிசு. சமவெளியில் மெல்ல விட்டாலே எழும்புகிற விமானம் இங்கே வேகமில்லாமல் எழும்பாது. அதனால் நான் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது அடி ஓடி எறிய வேண்டும். என் வேலை அவ்வளவுதான். ரிமோட் அவர் கையில் இருக்கும். கிரவுண்டின் ஓரத்தில் லைன் வீடுகளில் குடியிருக்கும் எஸ்டேட் ஜனங்கள் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். விமானம் சில்வர் ஓக் மரங்களுக்கு மேல் வட்டம் போட்டுத் திரும்பும்போது, ஃபேக்டரியில் ஒரு நாளும் சிரிக்காத அந்த மனிதர் வாயைத் திறந்துகொண்டு சிரிப்பார். முன்பல் ஒன்று கோணல் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் தடவை விழுந்ததற்குக் காற்று காரணம். பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறும் என்று தெரிந்தும் இன்னொரு ரவுண்டு, இன்னொரு ரவுண்டு என்று ஆசைப்பட்டோம். விமானம் கவிழ்ந்து தேயிலைக்குள் போய்ச் செருகியது. தேயிலை மேலேயிருந்து பார்க்க மெத்தை மாதிரி தெரியும். உள்ளே நூறு வருஷத்துக் கட்டைகள், முளைக்குச்சி மாதிரி நிற்கும். இறக்கை மூன்று துண்டாகியிருந்தது. அவர் துண்டுகளை வேட்டி மடிப்பில் அள்ளிக்கொண்டு, "காரணம் தெரிஞ்ச கோளாறு தம்பி, சரி பண்ணிரலாம்" என்றார்.

ஒட்டினோம். ஆனால் அது ஆடி மாதம். ஒரு வாரமாக வெயிலே இல்லை. இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்குகிற அந்தப் பசை எங்கள் குளிரில் மூன்று நாளானாலும் பிசுபிசுவென்றே இருந்தது. டீ மேக்கருக்கு ஒரு யோசனை வந்தது. பச்சை இலையை வாடப்போட ஃபேக்டரி மேல்மாடியில் நீளநீளமாக வலைத் தொட்டிகள் இருக்கும். அடியிலிருந்து ஃபேன் வெதுவெதுப்பான காற்றை மேலே தள்ளும். இலையின் ஈரத்தையே இழுக்கிற காற்றுக்குப் பசை ஒரு பொருட்டா என்றார். ஒரு தொட்டியின் கோடியில் இலையை ஒதுக்கிவிட்டு இறக்கையைப் படுக்கவைத்தோம். மறுநாள் காலையில் பசை கல்லு மாதிரி இறுகியிருந்தது. இறக்கையில் தேயிலை வாசம். ரொம்பத் திருப்தியோடு அடுத்த ஞாயிறு தூக்கிக்கொண்டு போனோம். என் கையைவிட்டுப் போன விமானம் பத்தடி கூடத் தாண்டவில்லை, இடது பக்கமாக உருண்டு மூக்கு தரையில் குத்த விழுந்தது.

இந்த முறை காரணம் கண்டுபிடிக்க நான் மூன்று நாள் அலைந்தேன். கடைசியில், டீயை ருசி பார்க்கும் அறையில் வெள்ளைப் பீங்கான் ஓடு பதித்த மேடை மேல் இறக்கையை வைத்தபோது தெரிந்தது. ஒரு மூலை அரை விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது. அடியிலிருந்து மட்டும் சூடு வந்ததால் மரம் ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து முறுக்கிக்கொண்டுவிட்டது. நாங்கள் இறக்கையை இலை மாதிரி வாடப் போட்டிருக்கிறோம். அவரிடம் எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர் மேடையில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். முப்பது வருஷம் டீ மேக்கராக இருந்தவனைத் தவிர வேறு எவனும் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டான் என்றார். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, நான் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிக்க, அவர் தேய்க்க, இறக்கை நேரானது. அன்றிலிருந்து என் பேச்சில் அவருக்கு அசையாத நம்பிக்கை வந்துவிட்டது. விமானத்தைப் பற்றி இந்தத் தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்வார்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் அது விழவேயில்லை. மூன்றாவது தடவை விழுந்தது ஒரு மாசி மாதக் காலையில். காற்றில்லை, மேகமில்லை, வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. விமானம் இடப்பக்கம் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்து ரிமோட்டில் ஏதோ திருகினார். நிமிர்ந்தார். "எங்க போச்சு? தம்பி, ப்ளேன் எங்க போச்சு?" என்றார். அது எங்கேயும் போகவில்லை. அவருக்கு இடப்பக்கத்தில், பனைமர உயரத்தில், பளபளவென்று சிவப்பாகப் பறந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் தலையைத் திருப்பித் திருப்பித் தேடி, கண்டுபிடித்த நேரத்தில் அது சரிவுக்குக் கீழே போய்விட்டது.

ஃபேக்டரி பெஞ்சில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மோட்டார் ஓடியது. பேட்டரியில் சார்ஜ் இருந்தது. வால் சொன்னபடி திரும்பியது. இறக்கையை மேடையில் வைத்தால் நாலு மூலையும் உட்கார்ந்தது. உடைந்தது உடைந்திருந்ததே தவிர, உடைவதற்கு முன் அதில் ஒரு கோளாறும் இல்லை. சாயங்காலம் அவர் வந்து நின்று காரணம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "செர்வோ போயிருக்குதுங்க" என்று வந்தது. அதற்கு ஒரு விநாடி முன்பு வரை அப்படிச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பதினாறு வருஷப் பழக்கம் அது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "அதான பாத்தேன்" என்றார். சொன்னதை மெய்யாக்க வேண்டுமே என்று, புது செர்வோ வரவழைத்து மாற்றினேன். நல்லதாக இருந்த பழையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாலாவது தடவை பேட்டரி ஒயர் லூஸ் என்றேன். அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போது தெரிந்தது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. அரைக்கும் அறைக் கதவில் இடது தோள் இடித்துக்கொண்டு போவார், தினமும் அதே தோள். டீ ருசி பார்க்க வரிசையாக வைத்திருக்கும் கிண்ணங்களில் இடக்கோடிக் கிண்ணத்தைப் புறங்கையால் தட்டிவிடுவார். பக்கவாட்டில் வந்து வணக்கம் வைத்தால் பதில் வராது, டீ மேக்கருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நேரே இருப்பது மட்டும் நன்றாகத் தெரியும். பேப்பரில் பொடி எழுத்தைக்கூட வாசிப்பார். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. டீ மேக்கர் வேலைக்குக் கையும் மூக்கும் நாக்கும் போதும். கண் போவது வெளியே தெரிகிற இடம் அந்தக் கிரவுண்டு ஒன்றுதான். அங்கே அவர் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான்.

அவர் மனைவி என்னிடம் நேராகவே கேட்டார். நாலாவது தடவை உடைந்ததை ஒட்டிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. டீ மேக்கர் பின்கட்டில் கை கழுவப் போயிருந்தார். அந்த அம்மா முறுக்குத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க தம்பி, அவருக்குக் கண்ணுல ஏதாச்சும் கோளாறு இருக்குமுங்களா? நேத்து படியில தடுக்கி உளுகப் பாத்தாரு. நீங்க கூடவே நிக்கறீங்க, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா?" என்றார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா. ப்ளேனுதான் பழசாயிருச்சுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷத்தில் எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கண் தெரியாத டீ மேக்கர் என்று பேச்சு கிளம்பினால் வேலை போகும், வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். அதற்கு நானா காரணமாக இருப்பது என்று நினைத்தேன். ஃபேக்டரியில் டீ மேக்கரைப் பார்த்து, உங்களிடம்தான் கோளாறு என்று சொல்லி உயிரோடிருப்பவன் யார் என்று நினைத்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் முழு உண்மை இன்னும் அற்பமானது. கண் கோளாறு என்று தெரிந்தால் விமானம் பரண் மேல் போய்விடும். விமானம் பரண் மேல் போனால் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். அந்த நாற்காலி, அந்த டீ, எனக்கு ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்கிற நினைப்பு எல்லாம் போய்விடும். நான் மறுபடியும் ஃப்யூஸ் போட வந்தவனாக நிற்க வேண்டும். அதற்காகத்தான் சொல்லவில்லை. எழுதிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது தடவைக்கு, ரிமோட் சொல்வதை வாங்குகிற ரிசீவரின் ஒயர் என்றேன். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் பசையும் பட்டியுமாக விமானத்துக்கு எடை ஏறியது. நான் தூக்கிக்கொண்டு ஓடும் தூரம் கூடிக்கொண்டே போனது. எறிந்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். ஒரு நாள் அவர் ரிமோட்டை என்னிடம் நீட்டி, "நீ ஒருக்கா ஓட்டிப் பாரேன் தம்பி" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் ரிமோட்டை யாரிடமும் கொடுத்ததில்லை. நான் வேண்டாமென்றேன். எனக்குப் பயம் என்றேன். பயம் இருந்தது உண்மை. நான் ஓட்டி அது விழாமல் பறந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். அவர் கொஞ்ச நேரம் நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். ஒருவேளை அவருக்கே ஏதோ தட்டுப்பட்டுத்தான் கேட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. நான் அந்தக் கதவையும் சாத்திவிட்டேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில், இலை ஏற்றி வந்த டிராக்டர் ஃபேக்டரி வாசலில் அவரைத் தட்டிவிட்டது. இடப்பக்கமிருந்து வந்தது. டிரைவர் ஹாரன் அடித்ததை நான் கேட்டேன், எல்லோரும் கேட்டோம். அவரும் கேட்டுத் தலையைக் கொஞ்சம் திருப்பினார், டிராக்டர் கண்ணில் படாமல் நேரே நடந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட எஸ்டேட் டாக்டர்தான் சந்தேகப்பட்டு, அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டிருக்கிறார். எந்த விரல் என்று அவர் திருப்பிக் கேட்டாராம். உடனே கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அவர் மனைவி மகளுடைய பேறுகாலத்துக்காக அங்கேதான் இருந்தார். குழந்தை பிறந்து மூன்றாவது நாள், அவர்களை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று என்னையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நாள் முழுக்க அறை அறையாக உட்காரவைத்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த கருவிக்குள் தாடையை வைத்து, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தான் சத்தம் ரொம்ப நேரத்துக்கு ஒருமுறைதான் கேட்டது. சாயங்காலம் டாக்டரம்மா ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். இரண்டு வட்டங்கள். ஓரமெல்லாம் கறுப்பு, இடப்பக்கம் முழுக் கறுப்பு, நடுவில் கொஞ்சம் வெள்ளை. டீ மேக்கர் அதைக் குனிந்து பார்த்து, அடுப்பில் கருகின தூளாட்ட இருக்குதுங்களே என்றார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வந்திருக்கிறது, வலியே இருக்காது, போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். பிறகு, இரண்டு மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் பெருமளவு காப்பாற்றியிருக்கலாம், இவ்வளவு நாளில் எதுவுமே தோன்றவில்லையா என்று கேட்டார்.

"ஒண்ணும் தோணலீங்க டாக்டர்" என்றார் அவர். "ப்ளேன் ஒண்ணு வெச்சிருக்கறனுங்க. அதுதான் அடிக்கடி உளுந்துட்டு இருந்துச்சு. ஆனா அது மெஷின் கோளாறுங்க. ஒருக்கா செர்வோ, ஒருக்கா பேட்டரி ஒயரு. இந்தத் தம்பி ஒவ்வொருக்காவும் பாத்து காரணம் சொல்லீருவாப்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. துணைக்கு வந்தவன் என்கிற முறையில்தான் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. செர்வோ என்று சொன்னது நாக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. எல்லாம் தெரிந்த பிறகு, அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு, ஆமாம் என்று தலையாட்டினேன்.

டீ மேக்கர் ஒரு வருஷம் முன்னதாகவே ரிட்டயர்மெண்ட் வாங்கிக்கொண்டு காரமடையில் சொந்த வீட்டுக்கு இறங்கிவிட்டார். போகும்போது விமானத்தை எனக்குக் கொடுத்தார். சொட்டு மருந்து கொஞ்ச காலம் தாங்கியது. பிறகு அந்த நடு வெள்ளையும் சுருங்கிக்கொண்டே வந்தது. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல என்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃபேக்டரித் தூள் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு நான் மலையிறங்கிப் போவேன். பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்து, இது மழைக்கு முந்தின இலை, இது கொஞ்சம் அதிகம் வாடினது என்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால், எங்கள் ஃபேக்டரியில் இந்தத் தம்பிக்குத் தெரியாத கோளாறே கிடையாது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்த அம்மா ஆமோதித்துச் சிரிப்பார். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டு வருஷம் இப்படி ஓடிவிட்டது. ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிவது பெரிய பாரமொன்றும் இல்லை, பழகிவிடும். ஆனால் அதை எங்கேயும் இறக்கிவைக்க முடியாது என்பதுதான் ஆளை அலுக்கவைக்கிறது.

போன மாதம் எனக்கும் கண் சோதனை. ஐம்பதைத் தாண்டிவிட்டேன், ஒயர் நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமமாக இருந்தது. ஊட்டி ஆஸ்பத்திரியில் அதே மாதிரி வெள்ளைக் கிண்ணத்துக்குள் தாடையை வைக்கச் சொல்லி, பொத்தானைக் கையில் கொடுத்தார்கள். மேலே, கீழே, ஓரத்தில் என்று பொட்டுகள் வந்துகொண்டே இருந்தன. நான் டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். பாதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சோதனை செய்த பெண் கருவியை நிறுத்தி, கண் எரிகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் கண்ணில் குறையில்லை, வாசிக்க ஒரு கண்ணாடி போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்து இழுப்பறையிலிருந்து செர்வோவை எடுத்து மாட்டிப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரமடைக்குப் போனேன்.

இருவரும் இருக்கும்போதே சொன்னேன். மூன்றாவது தடவையிலிருந்து எதுவும் கெட்டுப்போகவில்லை, எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தே மாற்றிச் சொன்னேன் என்றேன். டாக்டரம்மா முன்னால் தலையாட்டியதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் ஃபேக்டரியில் ரிப்போர்ட் கொடுக்கிற குரலாகவே இருந்தது, அதை என்னால் மாற்ற முடியவில்லை. முடித்த பிறகு டீ மேக்கர் ஒவ்வொன்றாகக் கேட்டார். செர்வோ இல்லையா, பேட்டரி ஒயர் இல்லையா, ரிசீவரும் இல்லையா. இல்லீங்க, இல்லீங்க, இல்லீங்க என்றேன்.

"அப்ப ப்ளேன்ல ஒரு கோளாறும் இல்ல" என்றார்.

"இல்லீங்க."

அவர் கை வேட்டியின் கரையை நீவிக்கொண்டே இருந்தது. "பாவம்" என்றார் பிறகு. "அத எத்தன திட்டியிருப்பேன்."

அந்த அம்மா எனக்கு வைத்திருந்த டம்ளரை எடுத்தார். நான் இன்னும் குடிக்கவில்லை. "நாங் கேட்டனே தம்பி" என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் மரியாதை போடாமல் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. டம்ளரோடு உள்ளே போய்விட்டார். போயிட்டு வர்றனுங்கம்மா என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னேன். பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது.

டீ மேக்கர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார். நான் முன்னால் வந்து, வாசலுக்கு இடப்பக்கம் ஒதுங்கி நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத கேட்டைப் பார்த்து, "போய்ட்டு வா தம்பி. மழைக்கு முன்ன பஸ்ஸேறிக்கோ" என்றார். பதிலுக்குக் காத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் ஒரு செருப்போடு சத்தமில்லாமல் நடந்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்று, சரிங்க என்றேன்.